ஒரு தரவோடையை இரண்டு கிளையாகப் பிரித்தால் அலைபேசியில் பக்கம் ஏன் விழுகிறது?

கேள்வி: திருநகர் நிரலாளர்

வணக்கம். மதுரையில் திருமணப் படப்பிடிப்பு செய்யும் ஒரு ஸ்டூடியோவுக்காக வலைப்பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முன்பு பென் டிரைவில் போட்டுக் கொடுத்த கல்யாண வீடியோவை இப்போது வாடிக்கையாளர் தம் அலைபேசியிலேயே இந்தப் பக்கத்தைத் திறந்து இறக்கிக்கொள்ளலாம். இணையம் இல்லாதபோதும் பார்க்க முடிய வேண்டும் என்பதால் கோப்பை உலாவியின் தனிக் கோப்புக் கிடங்கில் எழுதுகிறேன். ஒரு வீடியோ ஏறத்தாழ 900 எம்.பி. இருக்கும்.

சர்வரிடமிருந்து தரவை வாங்கித் தரும் ஃபெட்ச், துண்டு துண்டாகக் கொடுக்கும் தரவோடையிலிருந்து எனக்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். இறக்கிய அளவைக் காட்டும் பட்டை நகர வேண்டும். வந்த கோப்பு சர்வரில் உள்ளதுதானா என்று சரிபார்க்க ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) கணக்கிட வேண்டும். கோப்பைச் சேமிக்கவும் வேண்டும். ஒரு ஓடையை ஒரு ரீடர் பிடித்துவிட்டால் அது பூட்டப்பட்டுவிடுகிறது, இன்னொருவர் வாசிக்க முடியாது. ஆகவே ஓடையை இரண்டாகப் பிரிக்கும் 'டீ' முறையை அழைத்து இரண்டு கிளைகள் பெற்றேன். முதல் கிளை சேமிப்புக்கு. இரண்டாவதை மறுபடியும் 'டீ' செய்து, ஒன்றைப் பட்டைக்கும் மற்றொன்றை ஷா-256 கணக்குக்கும் கொடுத்தேன்.

என் மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் வாடிப்பட்டியிலிருந்து பெண்ணின் தகப்பனார் ஸ்டூடியோவுக்கே வந்து, தம் அலைபேசியில் பட்டை பாதிக்கு மேல் போனதும் பக்கம் வெளுத்துப்போய் முதலிலிருந்து தொடங்குகிறது என்று காட்டினார். மூன்று முறை முயன்றிருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். 3 ஜி.பி. நினைவகம் உள்ள அலைபேசி அது. அதே வகை அலைபேசி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு கிளையிலும் எவ்வளவு வாசிக்கப்பட்டது என்று எழுதிப் பார்த்தேன். பக்கம் விழுவதற்குச் சற்று முன், 52ஆவது நொடியில், பட்டைக்கான கிளை 620 எம்.பி. வாசித்திருந்தது, சேமிப்புக்கான கிளை 260 எம்.பி. மட்டுமே எழுதியிருந்தது. இடையில் உள்ள 360 எம்.பி. எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் புரியவில்லை. 'நிறுத்து' பொத்தானை அழுத்தினால் பட்டைக்கான கிளையை ரத்து செய்கிறேன். பட்டை நிற்கிறது, ஆனால் தரவு இறங்கிக்கொண்டே இருக்கிறது. ரத்து முடிந்ததும் நடக்க வேண்டிய வரிகளும் நடப்பதில்லை. எங்கே தவறு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும். அடுத்த முகூர்த்தம் வருவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

பதில்: கடைமடை

வணக்கம் தம்பி. நீங்கள் இரண்டு கிளைகளையும் தனித்தனியாக அளந்து பார்த்தது நல்ல காரியம். விடை அந்த 620-க்கும் 260-க்கும் நடுவில்தான் இருக்கிறது.

இது உலாவியின் பிழை அன்று. 'டீ' இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றே ஸ்ட்ரீம்ஸ் தரநிலையில் எழுதியிருக்கிறது. இரண்டு கிளைகளில் எது வேண்டுமானாலும் அடுத்த துண்டைக் கேட்கலாம். கேட்டவுடன் மூல ஓடையிலிருந்து ஒரு துண்டு வாசிக்கப்பட்டு இரண்டு கிளைகளின் வரிசையிலும் போடப்படுகிறது. கேட்ட கிளை அதை எடுத்துக்கொள்ளும். கேட்காத கிளையின் வரிசையில் அது காத்திருக்கும். அந்த வரிசைக்கு உச்சவரம்பு கிடையாது. அதாவது பின்னழுத்தம் ('மெதுவாகக் கொடு' என்று மூலத்துக்குப் போகும் சைகை) மேலே போகத்தான் செய்கிறது, ஆனால் வேகமாக வாசிப்பவரின் வேகமே மூலத்துக்குத் தெரிகிறது. மெதுவாக வாசிப்பவர் திணறுவது அங்கே எட்டுவதில்லை. உங்கள் பட்டைக்கான கிளை ஓர் எண்ணோடு இன்னோர் எண்ணைக் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பதால் அது எப்போதும் 'இன்னும் கொடு' என்றுதான் கேட்கும். சர்வரும் கொடுத்துக்கொண்டே இருக்கும். எழுதும் கிளையோ நொடிக்கு 5 எம்.பி.தான் எழுதுகிறது. நீங்கள் தேடும் 360 எம்.பி. அந்தக் கிளையின் வரிசையில், அலைபேசியின் நினைவகத்தில் இருக்கிறது. மடிக்கணினியில் வட்டும் வேகம், நினைவகமும் தாராளம் என்பதால் அங்கே இது வெளியில் தெரியவில்லை.

என் ஊர் மேலூருக்குக் கிழக்கே, பெரியாறு கால்வாயின் கடைசியில் இருக்கிறது. வைகை அணையில் திறந்த தண்ணீர் பேரணையில் கால்வாய்க்குத் திரும்பி, கள்ளந்திரியைத் தாண்டி எங்களுக்கு வர வேண்டும். இரண்டு வாய்க்கால்களில் எந்த ஒன்றின் ஆயக்கட்டுக்காரர்கள் மட்டும் சொன்னாலும் பேரணையில் ஷட்டர் திறக்கும், திறந்தால் இரண்டு வாய்க்காலிலும் ஒரே அளவு தண்ணீர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வாய்க்காலில் வயல் நிறைந்துவிட்டது என்றாலும் தண்ணீர் நிற்காது. அது கண்மாயில் போய்ச் சேரும். நிஜக் கண்மாய்க்குக் கலுங்கு உண்டு, மிஞ்சியது அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். 'டீ' கிளையின் வரிசைக்குக் கலுங்கும் இல்லை, கரையின் உயரமும் குறிக்கப்படவில்லை. கரை உடைவதைத்தான் நீங்கள் வெள்ளைப் பக்கமாகப் பார்த்தீர்கள்.

'டீ' அழைக்கும்போது வரிசையின் அளவைக் குறிப்பிட்டுவிடலாமா என்று தோன்றும். முடியாது, அந்த முறை எந்த அளவையும் ஏற்பதில்லை.

இனி என்ன செய்வது? உங்கள் மூன்று வேலைகளில் உண்மையில் வாசிப்பவர் ஒருவர்தான், அவர் கோப்பை எழுதுபவர். மற்ற இருவரும் போகிற வழியில் எட்டிப் பார்ப்பவர்கள். எட்டிப் பார்ப்பதற்கு வாய்க்காலை இரண்டாக வெட்ட வேண்டியதில்லை. ஓடுகிற வாய்க்காலிலேயே ஓர் அளவுகோல் நட்டால் போதும். ஒரு பக்கம் துண்டுகளை வாங்கி மறுபக்கம் வெளியே விடும் 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ்ட்ரீம்' ஒன்றை உருவாக்குங்கள். அதன் 'டிரான்ஸ்ஃபார்ம்' செயற்கூற்றில், வந்த துண்டின் நீளத்தை மொத்தத்தோடு கூட்டுங்கள், துண்டை ஷா-256 கணக்குக்குக் கொடுங்கள், பிறகு அதே துண்டை மாற்றாமல் அப்படியே வெளியே விடுங்கள். ஃபெட்ச் கொடுத்த ஓடையை 'பைப்த்ரூ' வழியாக இதற்குள் செலுத்தி, வெளிவருவதை 'பைப்டூ' வழியாகக் கோப்பில் முடியுங்கள். எழுதுபவர் தயாராக இருந்தால்தான் அடுத்த துண்டு நகரும். இடையில் தங்குவது ஓரிரு துண்டுகள் மட்டுமே. கோப்பு 900 எம்.பி. ஆனாலும் 9 ஜி.பி. ஆனாலும் நினைவகத்தில் இருப்பது அவ்வளவுதான்.

ஷா-256 பற்றி ஒரு வார்த்தை. உலாவியோடு வரும் 'கிரிப்டோ' வசதியில் உள்ள 'டைஜஸ்ட்' முழுத் தரவையும் ஒரே தடவையில் கேட்கும். துண்டு துண்டாக ஏற்காது. நீங்கள் துண்டு துண்டாக ஏற்கும் வெப்அசெம்ப்ளி (உலாவியில் வேகமாக ஓடும் நிரல் வடிவம்) நூலகம் எதையாவது பயன்படுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அந்த ஒன்றே முழுக் கோப்பையும் நினைவகத்தில் சேர்த்துவிடும். மேலே சொன்ன மாற்றம் பயன் தராது.

நிறுத்தும் பொத்தானின் சிக்கலும் இதே வேரிலிருந்து வருவதுதான். ஒரு கிளையை ரத்து செய்வது 'எனக்கு வேண்டாம்' என்று அந்தக் கிளை சொல்வது மட்டுமே. மற்றவருக்கு வேண்டியிருக்கலாம் என்பதால் மூல ஓடை தொடரும். எல்லாக் கிளைகளும் ரத்தான பிறகே மூலம் ரத்தாகும். ஒரு கிளையின் 'கேன்சல்' கொடுக்கும் வாக்குறுதியும் (வேலை முடிந்ததைத் தெரிவிக்கும் 'ப்ராமிஸ்') அதுவரை, அல்லது மூல ஓடையே முடியும்வரை, நிறைவேறாது. நீங்கள் அதற்காகக் காத்திருக்கும்படி எழுதியிருப்பீர்கள். அடுத்த வரிகள் நடக்காததற்குக் காரணம் அதுதான். கிளைகள் இல்லாத புதிய அமைப்பில் ஓர் 'அபார்ட்கண்ட்ரோலர்' வைத்து, அதன் சமிக்ஞையை ஃபெட்சுக்கும் 'பைப்டூ'வுக்கும் கொடுத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் தரவு வருவதும் எழுதுவதும் சேர்ந்து நிற்கும்.

பதில்: எல்லீஸ் நகர்

மேலே சொன்ன விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பலர் 'டீ' என்று எழுதாமலேயே 'டீ'யைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ரெஸ்பான்ஸ் பொருளின் 'குளோன்' முறை உள்ளே செய்வது இதே பிரிப்புத்தான். பக்கத்துக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் சர்வீஸ் வொர்க்கர் நிரலில் ஒரு நகலைக் கேஷில் வைத்து மற்றதைப் பக்கத்துக்குக் கொடுக்கிறோம். சிறிய கோப்புகளுக்கு அது சரியான வழியே. ஆனால் பதிவேட்டில் எழுதுவதற்காக நகல் எடுத்துவிட்டு, அதன் நிலை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு உடலை வாசிக்காமல் விட்டுவிடும் நிரல்களை நான் அடிக்கடி திருத்துகிறேன். நிலை எண்ணையும் தலைப்புகளையும் பார்க்க நகலே தேவையில்லை. வாசிக்கப்படாத அந்த நகலின் வரிசையில் முழு உடலும் வந்து குவியும்.

உங்கள் பக்கத்திலும் எங்காவது 'குளோன்' இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

திருநகர் நிரலாளர்

இருவருக்கும் நன்றி. 'குளோன்' இருந்தது, நீக்கிவிட்டேன். வெப்அசெம்ப்ளி நூலகம்தான் பயன்படுத்துகிறேன். ஒரு சந்தேகம்: மெதுவானவருக்காக வேகமானவர் காத்திருக்கும்படி 'டீ'யையே அமைத்திருக்கலாமே, ஏன் மாற்றி வைத்தார்கள்? ஸ்டூடியோக்காரர் பின்னாளில் சேமிக்கும்போதே உறவினர் ஒருவரின் கணக்குக்கும் அனுப்ப வேண்டும் என்கிறார். அப்போது எனக்கு உண்மையாகவே இரண்டு வாசிப்பாளர்கள் இருப்பார்கள்.

பதில்: கடைமடை

நல்ல கேள்வி. மெதுவானவருக்காகக் காத்திருக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. யூனிக்ஸின் 'டீ' கட்டளை அப்படித்தான். குழாய்வேலையில் இரு பக்கம் பிரியும் 'டி' இணைப்பிலிருந்து வந்த பெயர் அது. எழுத வேண்டிய இடங்களில் ஒன்று நிறைந்துவிட்டால் கட்டளையே அங்கே நின்றுவிடும். உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் ஜே.எஸ்.-இல் ஒரே ஓடையை 'பைப்' மூலம் இரண்டு இடங்களுக்கு இணைத்தாலும், நிறைந்துபோன இடம் காலியாகும்வரை மூலம் நிறுத்தப்படும்.

அந்த ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. முதல் கிளையை முழுவதும் வாசித்து ஷா-256 கணக்கிட்டுவிட்டு, அது பொருந்தினால் மட்டும் இரண்டாம் கிளையை வாசிக்கத் தொடங்குவேன் என்று ஒருவர் எழுதியிருந்தால் என்ன ஆகும்? இரண்டாம் கிளை இன்னும் ஒரு துண்டுகூடக் கேட்கவில்லை என்று முதல் கிளைக்குத் தரவு வராது. முதல் கிளை முடியவில்லை என்று இரண்டாம் கிளை தொடங்காது. பக்கம் விழாது, பிழைச்செய்தியும் வராது, அப்படியே உறைந்து நிற்கும். 'டீ'யின் இப்போதைய நடத்தையில் அந்த நிரல் ஓடும், நினைவகத்தைச் செலவழித்துக்கொண்டு. சிறிய தரவுக்கு அது பரவாயில்லை. ஒரு கல்யாண வீடியோவுக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

உறவினருக்கு அனுப்பும் வேலைக்கு நீங்களே ஒரு சுழற்சி எழுதுவது நல்லது. மூல ஓடையிலிருந்து ஒரு துண்டு வாசியுங்கள். அதை இரண்டு இடங்களிலும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாக்குறுதிகளும் நிறைவேறும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த துண்டை வாசியுங்கள். பத்து வரிகூட வராது. வேகம் மெதுவானவரின் வேகமாகவே இருக்கும், நினைவகத்தில் ஒரு துண்டுக்கு மேல் சேராது.

இதில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அனுப்பும் பக்கம் தவறிவிட்டால் சேமிப்பும் நிற்க வேண்டுமா? என் கருத்தில் நிற்கக் கூடாது. வாடிக்கையாளர் காத்திருப்பது தம் அலைபேசியில் உள்ள கோப்புக்காக. அனுப்புவதில் பிழை வந்தால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சேமிப்பைத் தொடரும்படி எழுதுங்கள்.

பதில்: உசிலம்பட்டி சாலை

நான் தமிழ் உரைக்கோப்புகளோடு வேலை செய்பவன். ஓடையைப் பிரிப்பதில் எனக்கு நேர்ந்த இரண்டு தவறுகளைச் சொல்கிறேன், உங்கள் வீடியோவுக்கு முதலாவது பொருந்தும்.

முதலாவது, இரண்டு கிளைகளுக்கும் கிடைக்கும் துண்டு ஒரே பொருளாக இருக்கலாம். பைட் ஓடையைப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் தனி நகல் கிடைக்கும் என்று தரநிலை சொல்கிறது. சாதாரண ஓடையானால் நகல் இல்லை. 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ்ட்ரீம்' ஒன்றைக் கடந்து வெளிவந்த ஓடை சாதாரண ஓடைதான். நான் அப்படி வந்த ஓடையைப் பிரித்து, ஒரு கிளையின் துண்டுகளை வொர்க்கருக்கு (பின்னணியில் தனியாக ஓடும் நிரலுக்கு) அனுப்பினேன். நகலெடுக்கும் நேரம் மிச்சமாகட்டும் என்று உரிமையையே மாற்றிக் கொடுத்தேன். துண்டு ஒன்றே என்பதால் உரிமை போனதும் மறுகிளையில் வந்த துண்டுகளின் நீளம் பூஜ்யம் என்று காட்டியது. ஒரு முழு நாள் சர்வரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஷா-256 கணக்கை வொர்க்கருக்கு மாற்ற நினைத்தால், துண்டின் நகலை அனுப்புங்கள், துண்டையே அனுப்பாதீர்கள்.

இரண்டாவது தமிழுக்கே உரிய சிக்கல். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். 'மதுரை' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து. பைட் கணக்கில் 15. ஓடை எங்கே துண்டாகும் என்பது நம் கையில் இல்லை. ஏழாவது பைட்டோடு ஒரு துண்டு முடிந்தால், 'மத' வரை சரியாக வந்து, உகரக் குறியின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். துண்டுகளைத் தனித்தனியாக உரையாக மாற்றினால் அங்கே கேள்விக்குறிக் கட்டம் வந்துவிடும். ஆங்கில உரையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அதை எழுதிச் சோதிப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. பைட்டுகளை உரையாக மாற்றும் 'டெக்ஸ்ட்டீகோடர்' பொருளின் 'டீகோட்' முறைக்கு 'ஸ்ட்ரீம்' என்ற தேர்வைக் கொடுத்தால், மீதிப் பைட்டுகளை அது தன்னிடம் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்க்கும்.

அந்த மீதியைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்பதாலேயே, இரண்டு கிளைகளுக்கு ஒரே டீகோடரைக் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன். ஒரு கிளையின் மீதிப் பைட் மற்ற கிளையின் துண்டோடு போய் ஒட்டிக்கொண்டது. கிளைக்கு ஒன்று வையுங்கள். அல்லது முதலில் உரையாக மாற்றிவிட்டுப் பிறகு பிரியுங்கள். உரை என்பது மாற்ற முடியாத மதிப்பு, ஆகவே முதலில் சொன்ன சிக்கலும் அங்கே வராது. ஆனாலும் ஆறாவது பைட்டில் வெட்டு விழுந்தால் 'மத' ஒரு துண்டிலும், தனியே நிற்கும் உகரக் குறியோடு 'ரை' மறு துண்டிலும் வரும். இது பிழை ஆகாது, டீகோடர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. எழுத்துகளை எண்ணுபவர்களும் சொல் தேடுபவர்களும் வரி முடியும்வரை சேர்த்து வைத்துக்கொண்டுதான் கணக்கிட வேண்டும்.

திருநகர் நிரலாளர்

கடைமடை ஐயா சொன்னபடி மாற்றி எழுதி, அதே 3 ஜி.பி. அலைபேசியில் ஓடவிட்டேன். 900 எம்.பி. கோப்பு மூன்று நிமிடங்களில் முழுவதும் இறங்கியது. பட்டை முன்பைவிட மெதுவாக நகர்கிறது. ஆனால் இப்போது அது காட்டுவது கோப்பில் எழுதப்பட்ட அளவோடு ஒட்டியே போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் திரையை மாற்றினால் அலைபேசி சூடாவதைக் கண்டு, கால் நொடிக்கு ஒருமுறை மட்டும் பட்டையை நகர்த்துகிறேன். நிறுத்து பொத்தானும் வேலை செய்கிறது. நேற்று மாலை ஸ்டூடியோவிலிருந்து வாடிப்பட்டிக்கு அழைத்துச் சொன்னோம். அவர் வீட்டிலிருந்தே இறக்கிப் பார்த்துவிட்டார்.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. ஷா-256 விடை கடைசித் துண்டு போன பிறகே தெரிகிறது. அதற்குள் கோப்பு எழுதி முடிந்துவிடுகிறது. பொருந்தாவிட்டால் எழுதிய கோப்பை நானே தேடி அழிக்க வேண்டுமா?

பதில்: கடைமடை

அழிக்க வேண்டாம் தம்பி. ஒப்பிடுவதை 'பைப்டூ' முடிந்த பிறகு செய்யாமல், அதே 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ்ட்ரீம்' பொருளின் 'ஃப்ளஷ்' செயற்கூற்றுக்குள் செய்யுங்கள். கடைசித் துண்டு உள்ளே வந்த பிறகு, வெளியே செல்லும் ஓடை மூடப்படுவதற்கு முன் அது அழைக்கப்படும். விடை பொருந்தாவிட்டால் அங்கேயே ஒரு பிழையை எறியுங்கள். வெளி ஓடை மூடப்படாமல் பிழைநிலைக்குப் போகும். அதைக் கண்டு 'பைப்டூ' கோப்பின் எழுத்தோடையை மூடாமல் கைவிடும். நீங்கள் 'கிரியேட்ரைட்டபிள்' முறையில் எழுதுகிறீர்கள் என்றால், எழுதுவதெல்லாம் முதலில் ஒரு தற்காலிகக் கோப்புக்குப் போய், மூடும்போதுதான் உண்மைக் கோப்பாக மாறுகிறது. மூடப்படாததால் உண்மைக் கோப்பு தொடப்படவே இல்லை. வேண்டுமென்றே ஒரு தவறான விடையைக் கொடுத்து, கிடங்கில் வீடியோ சேராமல் இருக்கிறதா என்று அந்த அலைபேசியிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.